பேரனுக்குக் கேட்பது தாத்தாவுக்கு ஏன் கேட்பதில்லை? வீட்டிலேயே சோதிக்கும் முறை

போனில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை எழுப்பி, வீட்டில் யாருக்கு எதுவரை கேட்கிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. முதலில் ஒரு விதி, மற்றதெல்லாம் பிறகு. சோதனையின் நடுவே பெரியவர்கள் "ஒண்ணும் கேக்கலையே" என்று சொன்னால், போனின் ஒலியளவைக் கூட்டக் கூடாது. அவர்களுக்குக் கேட்காத அந்தச் சத்தம் அறையில் இருக்கத்தான் செய்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளையின் காதில் அது முழுசாக விழுகிறது. தாத்தாவுக்காகக் கூட்டும் சத்தத்தைப் பேத்தியின் காதுதான் தாங்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால், இது ஒரு குடும்பமே சேர்ந்து செய்யக்கூடிய அருமையான சோதனை.

நான் பள்ளிபாளையத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பிளஸ் ஒன்னில் அலைகள் பாடம் வரும்போது இதை வகுப்பில் செய்து காட்டி, வீட்டிலும் செய்து பார்க்கச் சொல்வேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது என்பது வெறும் பாடமாக இருப்பதில்லை. பலர் வீட்டில் தறி ஓடுகிறது. அப்பா ஏன் எப்போதும் கத்தியே பேசுகிறார், ஆத்தா ஏன் வாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போன விஷயங்கள். அவை எங்கிருந்து வருகின்றன என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

என்னென்ன வேண்டும்

இரண்டு போன்கள், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். இரண்டு போனிலும் "ஃபைஃபாக்ஸ்" என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இயற்பியல் சோதனைகளுக்காக உருவாக்கிய இலவசச் செயலி அது. அதில் வேண்டிய அதிர்வெண்ணில் (வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, அலகு ஹெர்ட்ஸ்; எண் கூடக் கூட ஒலி கீச்சென்று உயரும்) ஒலி எழுப்பும் "டோன் ஜெனரேட்டர்" இருக்கிறது. வரும் ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன என்று வரைபடமாகக் காட்டும் "ஆடியோ ஸ்பெக்ட்ரம்" இருக்கிறது. ஒரு போன் பாடும்; இன்னொன்று சாட்சி சொல்லும்.

சாட்சி எதற்கு என்றால், இந்தச் சோதனையில் மனிதக் காதை விட அதிகமாக ஏமாற்றுவது போன் ஸ்பீக்கர்தான். சில போன்களில் 15,000 ஹெர்ட்சுக்கு மேல் ஒலி மிகவும் மெலிந்துவிடும். சில போன்கள் நாம் வைத்த அதிர்வெண்ணோடு, வைக்காத கீழ் அதிர்வெண் ஒன்றையும் சேர்த்துக் கக்கும். 17,000 வைத்த உடனே அறுபது வயதுக்காரர் "எனக்கு நல்லா கேக்குது" என்று கையைத் தூக்கினால், பெரும்பாலும் அவர் கேட்டது அந்தக் கள்ள ஒலியைத்தான். ஸ்பெக்ட்ரம் திரையில் 17,000-க்கு நேராக ஒரு கூர்மையான முனை மட்டும் இருந்தால் சரி. கீழே 5,000, 6,000 பக்கம் இன்னொரு முனை எழுந்தால் அந்தப் போனை ஒதுக்கிவிட்டு வேறு போன் எடுங்கள்.

"உங்கள் காதுக்கு எத்தனை வயது" என்று யூடியூபில் வரும் வீடியோக்களையும், வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆடியோக்களையும் இதற்கு நம்ப வேண்டாம். கோப்பைச் சிறிதாக்கும்போது முதலில் வெட்டப்படுவது உச்ச அதிர்வெண்கள்தான். பல கோப்புகளில் 16,000-க்கு மேல் எதுவுமே மிஞ்சியிருக்காது. புளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். போன் செட்டிங்கில் ஒலியை மாற்றிக் கொடுக்கும் ஈக்வலைசர், டால்பி மாதிரி எது இருந்தாலும் அணைத்துவிடுங்கள். இயர்போன் மாட்டியும் செய்யாதீர்கள். ஒலி எவ்வளவு உரக்க வருகிறது என்பது மாட்டியவருக்கு மட்டுமே தெரியும். அவருக்கே கேட்காத ஒலியென்றால் யாருக்குமே தெரியாது.

சோதிக்கும் முறை

ஃபேனை நிறுத்துங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். ஒலி எழுப்பும் போனை மேசை மேல் வைத்து, ஸ்பீக்கர் துளை கேட்பவரைப் பார்த்தபடி திருப்புங்கள். உயர் அதிர்வெண் ஒலி நேர்கோட்டில் போகும் பழக்கமுள்ளது. ஒரு விரல் குறுக்கே வந்தாலே குறைந்துவிடும். கேட்பவர் ஒரு மீட்டர் தள்ளி உட்காரட்டும்.

1,000 ஹெர்ட்சில் தொடங்குங்கள். எதிரில் இருப்பவர் சாதாரணமாகப் பேசும் அளவுக்கு ஒலியளவை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வால்யூம் பட்டனில் கை வைக்கவே கூடாது.

அடுத்து 4,000, 8,000, 10,000, 12,000. அதற்கு மேல் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு வினாடிக்கு மேல் வேண்டாம். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வரும்போது கையைத் தூக்கி, நின்றதும் இறக்க வேண்டும். நடுநடுவே எதையும் ஒலிக்கவிடாமல் சும்மா இருங்கள். அப்போதும் கை தூக்கினால் அவர் ஊகித்துச் சொல்கிறார் என்று அர்த்தம். வகுப்பில் இதைச் செய்யும்போது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் சத்தமில்லாத அந்த இடைவெளியில் அதிகம் கை தூக்குவார்கள். "எல்லாருக்கும் கேக்குது, எனக்கு மட்டும் கேக்கலைன்னா?" என்ற பயம். அவர்களிடம் இதில் பாஸ், ஃபெயில் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். 17,000 ஹெர்ட்சில் ஒலியின் அலைநீளம் வெறும் 2 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் மோதிக்கொள்ளும் இடத்தில் ஒலி கிட்டத்தட்ட அழிந்துபோகும். விரலகலம் நகர்ந்தால் மறுபடி இருக்கும். அதனால் "கேட்கவில்லை" என்று எழுதுவதற்கு முன், தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலியில் சும்மா இருந்த பையன் தலையைச் சாய்த்த உடனே "ஆங், இப்ப வருது, இப்ப போயிடுச்சு" என்று சொல்வான். நிலை அலை என்ற பாடத்தைக் கரும்பலகையில் நான் எத்தனை படம் போட்டாலும் இவ்வளவு தெளிவாகப் புரியவைக்க முடியாது.

இரண்டு காதையும் தனித்தனியாகப் பார்க்க, மறு காதின் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலை விரலால் அழுத்தி மூடிக்கொண்டால் போதும். உயர் அதிர்வெண்ணை விரல் நன்றாகவே தடுக்கும்.

கடைசியாகக் கேட்ட அதிர்வெண்ணைப் பெயர், வயது, எந்தப் போன் என்ற மூன்றோடு நோட்டில் எழுதுங்கள். ஒரு வீட்டுக்குள் ஒரே போனில் எடுத்த எண்களைத்தான் ஒப்பிடலாம். பக்கத்து வீட்டு எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

பொதுவாக வருவது இப்படி இருக்கும்: பள்ளிப் பிள்ளைகளுக்கு 17,000 வரையோ அதற்கு மேலோ, முப்பதுகளில் 15,000, 16,000 பக்கம், ஐம்பதைத் தொட்டவர்களுக்கு 12,000 சுற்றுவட்டாரம், எழுபதில் 10,000-க்கும் கீழே. எனக்கு 13,000 நன்றாகக் கேட்கிறது, 13,500-ல் நின்றுவிடுகிறது. வகுப்பில் 16,000 வைக்கும்போது எனக்கு முழு நிசப்தம். பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துத்தான் போன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்கிறேன்.

வீட்டில் செய்துவிட்டு வரும் பிள்ளைகள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுதான். அப்புச்சி (அம்மாவின் அப்பா) போனைத் தட்டிப் பார்த்து, "ஏங் கண்ணு, போனு கெட்டுப்போச்சா?" என்று கேட்கிறார். அதே நேரம் தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு, "நிறுத்தச் சொல்லுங்க, காது கூசுது" என்று அலறுகிறாள். அவள் சொல்வது உண்மை. உடனே நிறுத்திவிடுங்கள்.

காதுக்குள் என்ன நடக்கிறது

உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் உறுப்பு காக்ளியா. அதை நீட்டி விரித்தால் உள்ளே சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு ஓடுகிறது. ஒலி நுழையும் அடிப்பகுதியில் அது குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும். நுனிக்குப் போகப்போக அகன்று தளரும். வீணையில் இறுக்கமான தந்தி மேல் சுரமும் தளர்ந்த தந்தி கீழ்ச் சுரமும் தருவது போல, அடிப்பகுதி உயர் அதிர்வெண்ணுக்கும் நுனி தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் அதிர்கிறது. ஹங்கேரியில் பிறந்த கியார்க் ஃபான் பெகேஷி, இறந்தவர்களின் காதுகளை நுண்ணோக்கியில் வைத்து இந்த அலை எப்படிப் பயணிக்கிறது என்று பார்த்துச் சொன்னார். 1961-ல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சவ்வின் மேல் வரிசையாக ரோம செல்கள் இருக்கின்றன. ஒரு காதில் உள் வரிசையில் சுமார் 3,500, வெளி வரிசைகள் மூன்றில் சுமார் 12,000. உள்வரிசை செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிவரிசை செல்கள் தாமே நீண்டு சுருங்கி, மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கின்றன. முதலில் சாவது இந்த வெளிவரிசைதான், அதுவும் அடிப்பகுதியில் இருப்பவை. பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தாலும் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது, பிறக்கும்போது கொண்டுவந்ததோடு சரி.

எல்லா ஒலியும் அடிப்பகுதியைத் தாண்டித்தான் உள்ளே போகிறது, அதனால் வாசல் தேய்கிறது என்று பலர் விளக்குவார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் காரணம் அதோடு முடிவதில்லை. அடிப்பகுதி வெளிவரிசை செல்கள், ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் நச்சுப் பொருள்களால் எளிதில் சேதமாகின்றன. காதைப் பாதிக்கும் மருந்துகளும் அங்கிருந்துதான் தாக்கத் தொடங்குகின்றன. காசநோய்க்கு நம் ஊரில் நெடுங்காலம் ஊசியாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் இரண்டும் கேட்கும் திறனைத் தாக்கும்போது உச்ச அதிர்வெண்களைத்தான் முதலில் பறிக்கும். வீட்டில் யாராவது அப்படிப்பட்ட சிகிச்சையில் இருந்து, காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் தொடங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இந்தத் தேய்மானம் முதுமையில் திடீரென்று வருவதில்லை. இருபதுகளிலேயே மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்துவிடும். பேச்சு கேட்கும் வரை யாருக்கும் எதுவும் உறைப்பதில்லை. பிரிட்டனின் பிரான்சிஸ் கால்டன் 1870-களில் ஒரு நுண் விசில் செய்து ஊருக்கெல்லாம் ஊதிப் பார்த்தபோது கவனித்ததும் இதுதான்: வயதாக ஆக உயர்ந்த சுரம் கேட்பது குறைகிறது, ஆனால் கீழ்ச் சுரங்கள் கேட்கும் வரை அவர்களுக்கே அது தெரிவதில்லை. அவர் கைத்தடிக்குள் விசிலை வைத்து லண்டன் விலங்குக்காட்சி சாலை மிருகங்களிடமும் ஊதிப் பார்த்திருக்கிறார்.

நம் வீடுகளிலும் இப்படி ஒரு விசில் வருஷக்கணக்கில் ஊதிக்கொண்டே இருந்தது. பழைய டியூப் டிவி, அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி உட்பட. படக்குழாயின் எலக்ட்ரான் கற்றை வினாடிக்கு 25 படம், படத்துக்கு 625 வரி என்று திரையை வருடியது. பெருக்கினால் 15,625. உள்ளிருந்த மின்மாற்றி அதே அதிர்வெண்ணில் கீச்சிடும். சத்தத்தை முழுசாகக் குறைத்து வைத்திருந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "டிவி ஓடுது" என்று பிள்ளைகள் சொன்னது அதனால்தான். பெற்றவர்களுக்கு அது கேட்காது.

இந்த வித்தியாசத்தை வைத்துப் பிள்ளைகளை விரட்டவும் செய்தார்கள். 2005-ல் வேல்சில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் "மஸ்கீட்டோ" என்ற கருவியைச் செய்தார். ஏறக்குறைய 17,400 ஹெர்ட்சில் எரிச்சலூட்டும் ஒலி. கடை வாசலில் கூடி நிற்கும் இளைஞர்கள் கலைந்துபோவார்கள், பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிப் பிள்ளைகள் அதே ஒலியை ஆசிரியருக்குக் கேட்காத ரிங்டோனாக மாற்றிப் பதில் கொடுத்தார்கள். 2010-ல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவை, பொது இடங்களில் இதைத் தடை செய்ய வேண்டும் என்றது. எனக்கு அந்தக் கருவியை நினைத்தாலே கோபம் வருகிறது. தாயின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்கும் அது கேட்கும். ஏன் அழுகிறது என்று அந்தத் தாய்க்குத் தெரியவே தெரியாது.

இதை நம் வீட்டுக்குள் நாமே செய்துகொள்வதும் உண்டு. கொசு விரட்டும் என்று சொல்லும் போன் செயலிகளும், எலி விரட்டும் என்று பிளக்கில் செருகும் கருவிகளும் 20,000 ஹெர்ட்சை ஒட்டி ஒலி எழுப்புபவை. சிலது பிள்ளைகளுக்குக் கேட்கும். கொசுவிரட்டி ஒலிகளால் கடி குறைவதில்லை என்று கள ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பு 2007-லேயே சொல்லிவிட்டது. உங்கள் பிள்ளை "இந்த ரூம்ல ஏதோ கத்துது" என்றால், அதட்டாமல் ஸ்பெக்ட்ரம் செயலியைத் திறந்து பாருங்கள். சார்ஜரோ எலி விரட்டியோ மாட்டிக்கொள்ளும்.

எந்த எண்ணுக்குக் கவலைப்பட வேண்டும்

நாற்பத்தைந்து வயதில் 14,000 கேட்கவில்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம். பேச்சுக்குத் தேவையானது பெரும்பாலும் 8,000-க்குள் அடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் எடுக்கும் வழக்கமான ஆடியோகிராமும் (எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காதுப் பரிசோதனை வரைபடம்) 8,000-த்தோடு நின்றுவிடும்.

பதினாறு வயதில் இரண்டு நல்ல போன்களில் பார்த்தும் 12,000 கேட்கவில்லை, அல்லது ஒரு காதுக்கும் மறு காதுக்கும் பெரிய வித்தியாசம், அல்லது இரைச்சல் நிற்காமல் இருக்கிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆடியோகிராம் எடுப்பார்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அது அவசரம். அழுக்காக இருக்கும் என்று எண்ணெய் விட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள். சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

வயதானவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல" என்று சொன்னால் அதை அப்படியே நம்புங்கள். உயிரெழுத்துகளின் சக்தி கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. ஸ, ஷ, ச போன்ற உரசொலிகளுடையது மேல் அதிர்வெண்களில். பேச்சு காதில் விழுகிறது, சொற்களின் விளிம்பு விழுவதில்லை. கத்தினால் உயிரெழுத்துதான் பெருகும். விளிம்பு அப்படியே மங்கித்தான் இருக்கும். டிவியை அணைத்து, எதிரே வந்து, முகம் தெரியும்படி நிதானமாகச் சொன்னால் புரியும்.

தறிச்சத்தம்

வயது செய்யும் சேதம் உச்சியிலிருந்து கீழே வருகிறது. இரைச்சல் செய்யும் சேதம் நேராக 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், பேச்சின் நடுவிலேயே குழி பறிக்கிறது. ஆடியோகிராமில் அந்தக் குழி தனியாகத் தெரியும். சாமுவேல் ரோசன் என்ற அமெரிக்க மருத்துவர் சூடானின் மபான் மக்களைச் சோதித்துவிட்டு, இரைச்சலே இல்லாமல் வாழ்ந்த அந்த முதியவர்கள் தம் வயது அமெரிக்கர்களை விட நன்றாகக் கேட்கிறார்கள் என்று 1962-ல் எழுதினார். உணவு, உடல்நிலை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் வயதின் கணக்கில் நாம் எழுதிவிடுவதில் ஒரு பங்கு இரைச்சலுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விசைத்தறிப் பட்டறையில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம் (டெசிபல் என்பது ஒலி எவ்வளவு உரக்க இருக்கிறது என்று அளக்கும் அலகு). வேலையிடத்தில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. இங்கே ஒரு ஷிப்டு 12 மணி நேரம்.

தறிக்காரர்கள் காதில் பஞ்சோ கழிவு நூலோ வைத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் மனத்திருப்திக்குத்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் வாங்குங்கள், விலை மிகக் குறைவு. கையைக் கழுவிக்கொண்டு, பிளக்கை விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லிய திரியாக்குங்கள். வலது காதுக்கு வைக்கும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். அப்போதுதான் துளை நேராகும். திரியை உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கப் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே தலைக்குள் முழங்க வேண்டும். முழங்காவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி உருட்டி வையுங்கள். தறி எண்ணெய் பட்ட பிளக்கையும், உருட்டினால் உடனே விரிந்துகொள்ளும் பழைய பிளக்கையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு எடுங்கள்.